ஊரைத் திருத்தக் கிளம்புமுன் என்ன படிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிச்செட்டிபாளையத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பதினைந்து பேர் கூடிப் புத்தகம் பேசுகிறோம். ஓய்வு பெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவர், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்வருகிற சூப்பர்வைசர் இரண்டு பேர், ஆசிரியைகள், கல்லூரிப் பிள்ளைகள், ஒரு மளிகைக்கடைக்காரர். மூன்று வருடமாக எடுத்துக்கொண்ட தலைப்பு ஒன்றுதான்: மனிதர்கள் தங்கள் வழக்கத்தை எப்போது மாற்றிக்கொள்கிறார்கள்? புதிதாக வருகிறவர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதால், பதில்களை எழுதி வைக்கச் சொன்னார்கள். அபிப்பிராயங்கள் என்னுடையவை. வட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அதிலும் மளிகைக்கடைக்காரர் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்றால் எது?

எவரெட் ரோஜர்ஸ் எழுதிய ‘டிஃப்யூஷன் ஆஃப் இன்னோவேஷன்ஸ்’. 1962இல் வந்தது. தடியான புத்தகம், நடையும் கொஞ்சம் வறட்சி. ஆனாலும் பண்ணையம் பார்க்கிற குடும்பத்தில் பிறந்த யாருக்கும் அது அன்னியமாகப் படாது.

ரோஜர்ஸ் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து விவசாயி மகன். புது இயந்திரம் என்றால் அவர் அப்பாவுக்கு அத்தனை ஆசை. வீரிய ஒட்டு மக்காச்சோள விதையை மட்டும் வருடக்கணக்கில் தொடாமலே இருந்தார். 1936இல் கடும் வறட்சி. பக்கத்துக் காட்டில் ஒட்டுச்சோளம் நிமிர்ந்து நிற்கிறது, இவர் காட்டுப் பயிர் வாடிக் கிடக்கிறது. அதற்கப்புறம்தான் மனுசன் மாறினார். எந்த அதிகாரியும் வந்து பேசி மாற்றவில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்த பயிர் மாற்றியது. ரோஜர்ஸுக்கு முன்பே, 1943இல், அதே அயோவாவில் ரயன், கிராஸ் என்ற இருவர் 259 விவசாயிகளிடம் கேட்டு வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொன்னது. விதையைப் பற்றி முதலில் காதில் போட்டது பெரும்பாலும் விற்பனைக்காரர்கள். நம்பி விதைக்க வைத்தது அக்கம்பக்கத்தார்.

புத்தகத்தின் தொடக்கத்தில் பெரு நாட்டுக் கிராமம் ஒன்றின் கதை வரும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று ஒரு சுகாதாரப் பணியாளர் அங்கே இரண்டு வருடம் வீடு வீடாக அலைந்தார். ஊரில் 200 குடும்பம். அவர் பேச்சைக் கேட்டுப் புதிதாகக் காய்ச்சத் தொடங்கியவை 11. அந்த ஊர்க் கணக்கில் காய்ச்சிய தண்ணீர் நோயாளிக்கு உரியது. உடம்பு நன்றாக இருக்கிறவர் அதை ஏன் குடிக்க வேண்டும்? இதை எங்கள் கூட்டத்தில் சொன்னபோது ஓர் ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மாமியாரிடம் சுடுதண்ணீர் டம்ளரை நீட்டினால், “எனக்கென்ன சளியா புடிச்சிருக்குது?” என்று கேட்பாராம்.

நம் பக்கத்து மனிதர் ஒருவரையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம் 1960களில் மத்திய உணவு அமைச்சர். மெக்சிகோ கோதுமை ரகத்தை நம் மண்ணில் விதைக்கலாமா என்று டெல்லியில் ஆளாளுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, தன் அமைச்சர் பங்களாப் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார். விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே மாதிரி வயல்கள் போடவும் ஏற்பாடு செய்தார். பிறகு 1966இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து கப்பலேறி வந்தது. ரோஜர்ஸைப் படித்துவிட்டுச் செய்தாரா என்றால், தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பேன். பண்ணைக் குடும்பத்துக்காரருக்கு அது தானாக வருகிற புத்தி.

இதெல்லாம் தமிழில் கிடைக்குமா?

சில கிடைக்கும். காந்தியின் ‘சத்திய சோதனை’, பெரியார் எழுத்துகள், அம்பேத்கர், பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே எல்லாம் தமிழில் இருக்கின்றன. கீழே நான் சொல்லும் ஆங்கிலப் புத்தகங்களில் பாதிக்கு மேல் எங்கள் கைக்கு ஆங்கிலத்தில்தான் வந்தன. எங்கள் ஏற்பாடு எளிது. ஆங்கிலம் ஓடுகிற ஒருவர் ஓர் அத்தியாயத்தைப் படித்து வந்து கதை சொல்வது போலச் சொல்வார். சொல்லும்போது ஊர் உதாரணம் ஒன்றாவது சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய டீச் செலவு அவருடையது. ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா வரும்போது ஒரு பட்டியலோடு போய்த் தேடுவோம். அம்பது புத்தகம் தேடினால் அஞ்சு கிடைக்கும், கூடவே தேடாத பதினைந்தையும் வாங்கிக்கொண்டு வருவோம்.

‘நட்ஜ்’ படித்தே ஆக வேண்டுமா? எங்கே பார்த்தாலும் அந்தப் பேச்சாக இருக்கிறதே.

படியுங்கள், ஆனால் மயங்கிவிடாதீர்கள். ரிச்சர்ட் தேலரும் காஸ் சன்ஸ்டீனும் 2008இல் எழுதியது. தேலருக்கு 2017இல் பொருளாதார நோபல் கிடைத்தது. யாரையும் கட்டாயப்படுத்தாமல், தேர்வு செய்யும் இடத்தைக் கொஞ்சம் மாற்றி அமைத்தாலே மனிதர் நல்ல பக்கம் சாய்வார் என்பது அவர்கள் கட்சி. பந்தியில் காய்கறிக் கூட்டை முதலில் பரிமாறினால் அது அதிகம் போகும் என்பது போல.

இதற்கு நோபல் வரைக்கும் போக வேண்டியதில்லை, ஏலச்சீட்டைப் பாருங்கள். மாசம் அஞ்சாயிரம் தானாகச் சேர்த்து வைக்கிறேன் என்று சொன்னவர் யாரும் சேர்த்ததில்லை. சீட்டுப் போட்டவர் கட்டிவிடுகிறார், ஏனென்றால் ஏலத்தன்று நாலு பேர் முன்னால் பேர் கெடும். கையைக் கட்டிக்கொள்ள ஒரு கயிறு வேண்டும் என்று நம் ஆட்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

மயங்க வேண்டாம் என்றதற்குக் காரணம் ஒரு கணக்கு. டெல்லாவீனா, லினோஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்டது. ஆய்விதழ்களில் வந்த ‘நட்ஜ்’ சோதனைகளில் சராசரி விளைவு 8.7 சதவீதப் புள்ளி. அரசாங்கங்களுக்காக இதே வேலையைப் பெரிய அளவில் செய்கிற குழுக்களின் சோதனைகளை மொத்தமாக எடுத்துப் பார்த்தால் 1.4. வெற்றி பெற்றது அச்சேறுகிறது, தோற்றது மேசை டிராயருக்குள் போகிறது. 1.4 என்பது சும்மா இல்லை, செலவும் குறைவுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு சாதியையோ சாயக்கழிவையோ அசைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தவர் மனதை மாற்றும் தந்திரங்களைப் படிப்பது ஏமாற்று வேலை இல்லையா?

ஏமாற்றுகிறவர்கள் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். பாக்கி இருப்பது நாம்தான்.

ராபர்ட் சியால்டினியின் ‘இன்ஃப்ளுயன்ஸ்’ (1984) எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அந்த மனிதர் தன்னை ஏமாளி என்று ஒப்புக்கொண்டு ஆரம்பிப்பதுதான். எதை யார் விற்க வந்தாலும் வாங்கிவிடுவாராம். ஏன் இப்படி என்று கண்டுபிடிக்க, தான் யார் என்று சொல்லாமல் விற்பனைக்காரர்களின் பயிற்சி வகுப்புகளில் போய் உட்கார்ந்தார்.

அதைப் படிக்கும்போது எனக்கு ஈமு கோழி ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. பணம் போட்டால் பறவையும் தந்து மாசாமாசம் காசும் தருவோம் என்று சொன்ன அந்தப் பண்ணைகள் 2012 வாக்கில் ஈரோடு மாவட்டத்தில் கவிழ்ந்த கதை இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். என் பெரியப்பா மகன் ஒரு லட்சத்துச் சொச்சம் போட்டார். புத்தகத்தின் ஒவ்வொரு அத்தியாயமும் அவர் தோட்டத்தில் நடந்தது. டிவியில் சினிமாக்காரர்கள் விளம்பரத்தில் வந்தார்கள். சேர்ந்த உடனே ஒரு பரிசு கொடுத்தார்கள், வாங்கிய கை கூசும் இல்லையா? இந்த மாசத்தோடு சேர்க்கை முடிகிறது என்றார்கள், அந்த மாசம் முடியவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், மச்சாண்டார் தோட்டத்தில் கம்பிவலை அடித்துப் பத்துப் பறவை நின்றது, மாசாமாசம் பணமும் வந்தது. அயோவா விவசாயிக்கு உண்மையைக் காட்டிய அதே வேலி, என் அண்ணனுக்குப் பொய்யைக் காட்டிவிட்டது. இன்றைக்கும் அந்தக் கம்பிவலைக்குள் நாட்டுக்கோழி மேய்கிறது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், “வலை நல்ல வலைங்க” என்று மட்டும் சொல்வார்.

நாங்கள் குளத்துக்கரையில் எச்சரிக்கைப் பலகை வைத்தோம். குப்பை குறையவில்லை. ஏன்?

பலகையில் என்ன எழுதினீர்கள்? நாங்கள் எழுதியதைச் சொல்கிறேன்: “தினமும் நூற்றுக்கணக்கானோர் இங்கே குப்பை கொட்டி நம் குளத்தை அழிக்கிறார்கள்!” சிவப்பு எழுத்து, ஆச்சரியக்குறி, கீழே எங்கள் பெயர்கள் வேறு. ஒரே மாசத்தில் பலகையின் காலடியிலேயே ஒரு மேடு சேர்ந்துவிட்டது.

சியால்டினி குழு இதை அரிசோனாவில் சோதித்திருக்கிறது. அங்கே கல்லாகிப்போன பழங்கால மரத்துண்டுகள் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று உண்டு. வருகிறவர்கள் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். பாதையோரம் அடையாளமிட்ட துண்டுகளைப் போட்டுவைத்து, இரண்டு விதமான பலகை வைத்துப் பார்த்தார்கள். “முன்பு வந்த பலர் எடுத்துப் போய்விட்டார்கள்” என்ற பொருளில் எழுதிய பலகை இருந்தபோது 7.92 சதவீதத் துண்டுகள் திருடு போயின. “தயவுசெய்து எடுக்காதீர்கள்” என்று மட்டும் சொன்ன பலகைக்கு 1.67. முதல் பலகை திட்டுவதாக நினைத்துக்கொண்டு, எல்லோரும் எடுக்கிறார்கள் என்ற தகவலைத்தான் கொடுத்தது. எங்கள் பலகையும் கொட்ட இடம் எதுவென்று ஊருக்குக் கைகாட்டியிருக்கிறது.

பிறகு அதை அழித்துவிட்டு, ஞாயிறுதோறும் கரையைச் சுத்தம் செய்கிறவர்களின் படத்தையும் அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்பதையும் மட்டும் போட்டோம். குப்பை நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேடு கரைந்தது.

கல்யாணச் செலவு யாருக்குமே பிடிக்கவில்லை. ஆனாலும் யாரும் குறைப்பதில்லையே?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், பெண்ணைப் பெற்றவர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதும் இதுதான். இதற்குக் கிறிஸ்டினா பிக்கியேரியின் ‘நார்ம்ஸ் இன் த வைல்ட்’ (2017). சின்னப் புத்தகம். ஒரு வழக்கத்தைப் பார்த்தால் இரண்டு விஷயம் கேட்டுப் பார்க்கச் சொல்கிறார். மற்றவர்கள் இதைச் செய்கிறார்கள் என்று இவர் நினைக்கிறாரா? தான் இதைச் செய்தாக வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கிறாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால், அந்த ஆளிடம் தனியாக உட்கார்ந்து பேசிப் பிரயோசனம் இல்லை. அவருக்குச் செலவு பிடிக்காது என்பது நமக்கு முன்பே தெரியும். அவர் பயப்படுவது ஒரம்பரையின், அதாவது சொந்தபந்தத்தின், வாய்க்கு.

தங்கை மகள் கல்யாணத்தில் இதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். தாம்பூலப் பைக்கு மஞ்சப்பையே போடலாம் என்றேன். மாப்பிள்ளை, அதாவது தங்கை வீட்டுக்காரர், முகம் சுண்டிப்போனார். “மச்சான், எனக்கொண்ணும் இல்லீங்க. ஆனா நம்ம சனம் என்ன சொல்லும்? மண்டபம் புடிக்கத் தெரிஞ்சவனுக்குப் பை வாங்க வக்கில்லையாம்பாங்க.” அப்போது சந்தையில் இருந்தது நான்-ஓவன் பை. பார்க்கத் துணி மாதிரியே இருக்கும், உரசினால் சரசரக்கும். உள்ளே இருப்பது பாலிபுரோப்பிலீன், பிளாஸ்டிக்தான். சரி, உங்கள் பங்காளிகளில் பத்துப் பேரிடம் நீங்களே கேளுங்கள் என்று விட்டுவிட்டேன். கேட்டார். ஒன்பது பேர் ஒரே பதில் சொன்னார்கள்: துணிப்பை என்றால் எனக்குச் சந்தோசம்தான், சந்தைக்கு எடுத்துப் போகலாம், ஆனால் மத்தவங்க பேசுவாங்க. பத்தாவது ஆள் சித்தப்பா, அவருக்குக் காது கேட்கவில்லை. ஆக, அந்த ‘மத்தவங்க’ என்ற கூட்டத்தில் ஆளே இல்லை. எண்ணூறு மஞ்சப்பை அடித்தோம். விலை இரண்டு மடங்குக்கு மேல்தான், ஒளிக்கவில்லை. அடுத்த வைகாசிக்குள் மூன்று வீட்டுக்காரர்கள் பை அடித்தவரின் போன் நம்பரை வாங்கிப் போனார்கள்.

பை சின்ன விஷயம், பவுன் பெரிய விஷயம். அதற்குச் சீனத்துக் கதை ஒன்று உண்டு. பெண் குழந்தைகளின் காலை மடக்கிக் கட்டிச் சிறிதாக்கும் கொடுமை அங்கே ஆயிரம் வருடம்போல நடந்தது. அது தப்பென்று தெரியாமல் இல்லை. கட்டாவிட்டால் மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரே தலைமுறையில் பெரும்பாலும் ஓய்ந்துபோனது. ஜெரி மாக்கி என்ற ஆய்வாளர் 1996இல் எழுதிய கட்டுரையில் காரணத்தைப் பிரித்துக் காட்டுகிறார். பெற்றோர் சங்கங்களில் சேர்ந்து இரண்டு உறுதிமொழி எடுத்தார்கள்: என் மகளுக்குக் கால் கட்ட மாட்டேன், கால் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்க மாட்டேன். இரண்டாவது உறுதிமொழிதான் உயிர். பெண் வீட்டார் மட்டும் சேர்ந்து ‘சீர் குறைப்போம்’ என்று எத்தனை கூட்டம் போட்டாலும் ஒன்றும் ஆகாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பையன் வைத்திருக்கிறவர்கள் கூட்டத்துக்கு வருவதே இல்லை. எங்கள் வட்டத்தில் நாலு குடும்பம் இப்படி இரண்டு பக்க உறுதி எடுத்திருக்கிறது. பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், அதனால் சோதனை இனிமேல்தான்.

சாதி விஷயத்தில் புத்தகம் என்ன செய்யும்?

2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்துக்கு அருகே, பட்டப்பகலில், சாதி மாறிக் கல்யாணம் செய்த ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். கேமராவில் பதிவான காட்சியை ஊரே பார்த்தது. அதைப் பார்த்த பிறகும் “அந்தப் பொண்ணு பண்ணதும் தப்புத்தானுங்களே” என்றவர்களோடு நான் ஒரே பஸ்ஸில் வந்திருக்கிறேன். புத்தகம் என்ன செய்யும் என்று எனக்கே சந்தேகம் வந்தது அன்றைக்குத்தான்.

முதலில் அம்பேத்கரின் ‘சாதியை ஒழிக்கும் வழி’. லாகூரில் ஒரு சங்கத்து மாநாட்டுக்காக எழுதிய தலைமையுரை. சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள், அவர் மறுத்தார், மாநாடே நின்றுபோனது. 1936இல் தானே அச்சிட்டு வெளியிட்டார். ஈரோட்டில் 1925இல் தொடங்கிய பெரியாரின் ‘குடி அரசு’ அதைத் தமிழில் கொண்டுவந்தது. சாதி எண்ணம் எங்கிருந்து பலம் பெறுகிறது, கூடி உண்பதால் மட்டும் ஏன் போகாது என்று அடுக்கடுக்காக வாதாடும் நூல். நாம் இன்றைக்கு ‘நடத்தை மாற்றம்’ என்று சுற்றி வளைத்துப் பேசுவதை அவர் நேராகக் கேட்டுவிட்டார்.

அடுத்தது க்வாமே ஆன்டனி அப்பையாவின் ‘தி ஆனர் கோட்’ (2010). இங்கிலாந்தில் கௌரவத்துக்காகக் கத்தி, துப்பாக்கி எடுத்து இருவர் மோதும் வழக்கம், சீனத்துக் கால்கட்டு, அடிமை வியாபாரம் ஆகியவை எப்படி நின்றன என்று பார்க்கிறார். தப்பு என்ற வாதம் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செய்கிறவனுக்கு அது பெருமை என்ற நிலை போய் அவமானம் என்ற நிலை வந்தபோதுதான் நின்றது என்பது அவர் முடிவு. ஆணவக் கொலையையும் அதே கண்ணோடு பார்க்கிறார். கொலை செய்தவனைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டிருந்த எனக்கு, ஜாமீனில் வந்தவருக்கு மாலை போடுகிறவர்களைப் பற்றி யோசிக்க வைத்த புத்தகம்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யும் (2013) கட்டாயம். சாதி மாறிக் கட்டிக்கொண்டு வந்த பெண்ணை ஒரு கிராமம் எப்படி நடத்துகிறது என்பது கதை. ஊர் எப்படிக் கூடிக் கசக்கும் என்பதை ஆய்வு நூல் எதுவும் இத்தனை கிட்டத்தில் காட்டவில்லை. அவருடைய ‘மாதொருபாகன்’ நாவலுக்காகத் திருச்செங்கோட்டில் எழுந்த எதிர்ப்பில், 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு அவர் பக்கம் வந்ததும், அதன்பின் அவர் மறுபடி எழுத வந்ததும் தெரிந்த கதை. ஊர்க்கட்டுப்பாட்டைப் பற்றி எழுதியவரே அதை அனுபவிக்கவும் வேண்டியிருந்தது.

சுத்தம், கழிப்பறை பற்றி ஏதாவது?

டயான் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் எழுதிய ‘வேர் இந்தியா கோஸ்’ (2017). கழிப்பறை கட்டிக் கொடுத்தும் ஏன் பயன்படுத்துவதில்லை என்று கேட்கிறது. பெரும்பாலும் வடஇந்தியக் கிராமங்கள். அங்கே கழிப்பறை உள்ள வீடுகளில் 40 சதவீதத்துக்கு மேல், குறைந்தது ஒருவராவது காட்டுக்குத்தான் போகிறார். காரணம் காசும் இல்லை, அறியாமையும் இல்லை. சின்னக் குழி நிரம்பினால் யார் அள்ளுவது? அந்த வேலையோடு தீண்டாமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கோபியில் உட்கார்ந்து படிப்பதில் ஒரு தனிப் பொருத்தம் உண்டு. தலையில் மலம் சுமக்கும் வழக்கத்தை எங்கள் நகராட்சியில் ஒழித்தவர், நகராட்சித் தலைவராக இருந்த விடுதலைப் போராட்ட வீரர் ஜி.எஸ். லட்சுமண ஐயர். தன் வீட்டுக் கதவைத் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டதற்காகச் சொந்தக்காரர்கள் அவரை ஒதுக்கி வைத்தார்கள். அவரைப் பற்றி நல்ல தடிமனான வாழ்க்கை வரலாறு ஒன்று கையில் கிடைத்தால் மற்ற புத்தகங்களை ஒரு மாசம் தள்ளிவைப்பேன்.

சட்டம் போட்டால் முடிந்துவிடாதா?

சிலதுக்கு முடியும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். நொய்யல் கெடுவது அத்தனை பட்டறைக்காரருக்கும் தெரியும். ஆனால் ஒருவர் மட்டும் சுத்திகரிப்புச் செலவை ஏற்றால் அவர் கூலி ஏறும், ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஒட்டுமொத்தமாக மூடச் சொன்னபிறகுதான், கழிவுநீரே வெளியே வராத முறைக்கு எல்லோரும் சேர்ந்து நகர வேண்டியதானது. அங்கே அறிவுரைக் கூட்டம் போட்டிருந்தால் வடை தீர்ந்திருக்கும், அவ்வளவுதான். மறுபக்கம் பிளாஸ்டிக் தடை: 2019 ஜனவரி 1 முதல் அமல், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம். சந்தைக்குப் போய்ப் பாருங்கள், கவர் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

சட்டமும் இல்லாமல், சந்தைக்கும் விடாமல், ஊர்க்காரர்களே பொதுச்சொத்தைக் காப்பாற்றும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. எலினோர் ஆஸ்ட்ரமின் ‘கவர்னிங் த காமன்ஸ்’ (1990) அதைப் பற்றியது. 2009இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்மணி. ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் வாய்க்கால் பாசனக்காரர்கள் எப்படித் தமக்குள் முறை வைத்துக்கொண்டார்கள் என்று எழுதுகிறார். பங்காளிகள் ஒரே கிணற்றில் முறை வைத்து இறைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு முதல் அத்தியாயத்திலேயே புரிந்துவிடும். முறையை மீறினால் யார் கண்டுபிடிப்பார்? அடுத்த முறைக்காரர்தான், தூக்கத்தில்கூட அவருக்கு மோட்டார்ச் சத்தம் கேட்கும்.

போராட்டம் நடத்துவது பற்றி?

ஸேய்னப் துஃபெக்சியின் ‘ட்விட்டர் அண்ட் டியர் கேஸ்’ (2017) படியுங்கள். போனை வைத்துக்கொண்டு ஒரே நாளில் லட்சம் பேரைக் கூட்டிவிடலாம். ஆனால் மாதக்கணக்கில் கூட்டம் போட்டு, ஆள் சேர்த்து, சண்டை போட்டுச் சமாதானமாகி வளர்ந்த அமைப்புக்கு இருக்கிற தெம்பு அந்தக் கூட்டத்துக்கு இருக்காது என்கிறார். 2017 ஜனவரியில் கோவை வ.உ.சி. மைதானத்தில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது உறைக்கும். எங்கள் வட்டத்துக் கல்லூரிப் பெண் அதை ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டது கிடைத்ததே என்றாள். அதுவும் நியாயம்தான்.

பக்கத்திலேயே இன்னொரு மாதிரி இருக்கிறது. 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மீது பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்திவிட்டார்கள். வண்டியை அவிழ்த்து ரோட்டில் விட்டுவிட்டால் எந்த லாரி வந்து இழுக்கும்? கையில் இருந்த பொருளையே ஆயுதமாக்கிய யோசனை. எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் என்று வந்தது அதற்குப் பதினெட்டு வருடம் கழித்து. அவர் 1984இலேயே போய்விட்டார். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் இன்னும் நீளம். தாத்தா காலத்துக் கோரிக்கை, 2024 ஆகஸ்ட் 17இல் திறந்தார்கள். 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். இந்த இரண்டையும் பற்றி, யார் எந்த வீட்டுத் திண்ணையில் முதல் கூட்டம் போட்டார் என்ற அளவுக்கு விவரமாக ஒரு புத்தகம் யாராவது எழுத வேண்டும்.

ஏழைகள் விஷயத்தில் நம் ஊகங்கள் சரியா?

பெரும்பாலும் தப்பு. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோவின் ‘புவர் எகனாமிக்ஸ்’ (2011) பாருங்கள். ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கம் குழந்தைகளுக்கு முழுத் தடுப்பூசி நூற்றுக்கு ஆறு. ஊருக்கே முகாம் வந்ததும் பதினேழு பதினெட்டு. ஊசிக்கு ஒரு கிலோ பருப்பும், எல்லா ஊசியும் முடித்தால் எவர்சில்வர் தட்டும் என்றதும் முப்பத்தெட்டைத் தொட்டது. ஊசியை யாரும் எதிர்க்கவில்லை, ‘நாளைக்குப் போய்க்கலாம்’ என்று இருந்தார்கள். நானும் என் பல் டாக்டரை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இந்த ஆய்வுகளை எல்லாம் நம்பலாமா?

பாதி ஜாக்கிரதையோடு. உளவியலாளர் டேனியல் கானமன் பெரிய மேதை. அவருடைய ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ (2011) இன்னமும் படிக்க வேண்டியதுதான். ஆனால் அதில் ஓர் அத்தியாயத்தில், ஒரு வார்த்தையைக் காட்டினாலே மனிதர் நடத்தை மாறும் என்கிற ரக ஆய்வுகளை நம்பி எழுதியது தப்பு என்று 2017இல் அவரே ஒப்புக்கொண்டார். படிவத்தின் மேலேயே கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்ற பிரபலமான 2012 ஆய்வு, தரவே ஜோடனை என்று தெரிந்து 2021இல் திரும்பப் பெறப்பட்டது. நேர்மை பற்றிய ஆய்வு என்பதுதான் வேடிக்கை.

சொந்தப் பழக்கத்தை மாற்றும் புத்தகங்கள்?

அது வேறு கடை. பஸ் ஸ்டாண்டிலேயே தமிழில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

சரி, படித்தாயிற்று. முதலில் என்ன செய்வது?

ஊரில் ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருக்கிறவரைத் தேடுங்கள். இதுவும் ஒரு புத்தகத்தில் இருந்துதான்: ஹீத் சகோதரர்களின் ‘ஸ்விட்ச்’ (2010). 1990இல் ஜெரி ஸ்டெர்னின் என்பவர் வியட்நாமுக்குப் போகிறார், கையில் பணம் இல்லை, குழந்தைகளின் ஊட்டக்குறைவைக் குறைக்க அரசு கொடுத்த கெடு ஆறே மாதம். அவர் கேட்டது ஒரே கேள்வி: ஏழை வீடாக இருந்தும் குழந்தை நன்றாக இருக்கிற வீடு எது? போய்ப் பார்த்தால், அந்தத் தாய்மார்கள் வயலில் கிடைக்கும் பொடி இறாலையும் நண்டையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் சோற்றில் சேர்த்து, இரண்டு வேளைச் சோற்றை நாலு வேளையாகப் பிரித்து ஊட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களையே மற்றவர்களுக்குச் சமைத்துக் காட்டச் சொன்னார்.

நாங்கள் குப்பையைப் பிரித்துக் கொடுங்கள் என்று எங்கள் வீதியில் நோட்டீஸ் அடித்து, மைக் வைத்துப் பேசி, பள்ளிப் பிள்ளைகளை ஊர்வலம் விட்டுத் தோற்றிருந்தோம். ‘ஸ்விட்ச்’ படித்த பிறகு, சொல்லாமலே பிரிக்கிற வீடு எது என்று பார்த்தோம். கடைசி வீட்டு ஆத்தா. இரண்டு வெள்ளாடு வைத்திருக்கிறார். போன வருடம் ஒரு குட்டி பிளாஸ்டிக் கவரைத் தின்றுவிட்டு வயிறு உப்பிச் செத்துப்போனதாம். அதிலிருந்து வாசல் ஆணியில் ஒரு வாளி தொங்கும், அதில் காய்த்தோல், பழத்தோல் மட்டும்தான் விழ வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் சாயங்காலம் தோல் வாங்க வருவார். உள்ளே கவர் கிடந்தால் அந்த வீட்டு வாசலில் நின்று, எடுத்து உயர்த்திக் காட்டி, “இதென்ன, உங்கூட்டுப் புள்ளைக்கு ஊட்டுவியா?” என்று கேட்பார். மைக் தேவைப்படாத குரல்.

நாங்கள் செய்தது, அவர் போகாத வீடுகளுக்கும் ஒரு சுற்றுப் போய்வரச் சொன்னதுதான். இப்போது ஏழு வீட்டில் தோலுக்குத் தனி வாளி இருக்கிறது. ஏழாவது வீடு என்னுடையது. போன வாரம் பால் கவரின் முனைத்துண்டு ஒன்று தப்பி விழுந்திருக்கிறது, நானும் வாசலில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.